வயது வந்தவர்களுக்கு மட்டும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதும் இப்போதெல்லாம் மறந்து போகிறது. ஒற்று எங்கே போடுவது என்று படித்த காலத்திலேயே எனக்குத் தெரியாது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடை என் தங்கை மகனுடையது. எங்கள் ஊர் புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதால் நான் தங்கை வீட்டோடு இருந்துவிட்டேன். தங்கை போய்ச் சேர்ந்த பிறகும் அவள் மகன் என்னை எதுவும் சொல்லவில்லை. அவன் வேலை செய்த கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், அதில் அவனும் வெளியே வந்துவிட்டான். பஸ் நிற்கும் இடத்தில் ஓர் அறையை எடுத்துக் கடை போட்டான். முன்பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜ், செல்போன் ரிப்பேர். பின்பக்கம் பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டு டிவி போட்டு வீடியோ கேம். அலமாரியில் பழைய கேம் டிஸ்க்குகளும் வைத்திருந்தான். விலைக்கும் கொடுப்பான், ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றை மாற்றியும் கொடுப்பான். வெளியே பெயர் ஜெராக்ஸ் கடை. ஆனால் அதை ஓட்டியது கேம்தான்.

முதல் புகார் ஒரு பையனால் வந்தது. எட்டாவது படிக்கிற பிள்ளை. எங்கள் கடையில் வாங்கிய துப்பாக்கிச் சண்டை கேமை ஒரு வாரம் விடாமல் ஆடியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் நேரத்தில் இன்னொரு பையனைக் கீழே தள்ளி, தோளில் காலை வைத்து மிதித்துக்கொண்டு, கேமில் வருகிற ஆள் இங்கிலீஷில் சொல்கிற ஏதோ ஒன்றைச் சொன்னானாம். மிதிபட்ட பிள்ளைக்கு எலும்பு விலகிவிட்டது. அந்தப் பிள்ளையின் அம்மா நேரே கொம்யூன் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் செய்ததில் தப்பில்லை.

ஆபீசர் வந்து பார்த்தார். கடையை மூடச் சொல்லவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஒரு காகிதத்தில் நிபந்தனை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வயது வராதவர்களுக்குச் சண்டை விளையாட்டுகளை விற்பனை செய்யலாகாது, மீறினால் உரிமம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று அதில் இருந்தது. தங்கை மகன் அதைப் பார்த்து, ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு போர்டு எழுதி அலமாரிக்கு மேலே மாட்டினான். அப்புறம் என்னிடம் வந்தான்.

“பெரிம்மா, பார்ட்ஸ் வாங்க நான் பாண்டிக்குப் போற நேரத்துல நீ வந்து கடையில குந்திக்கோ.”

“எனக்கு ஆளைப் பாத்துப் பேச வராதுடா.”

“நீ பேச வேணாம். ஊர்ல எவன் எப்ப பொறந்தான்னு உனுக்குத் தெரியும்ல? அது போதும். வயசு வந்தவங்களுக்கு மட்டும் குடு. இன்னொரு புகார் வந்துச்சின்னா லைசென்ஸ் கெடையாதுன்னு எழுதிட்டாங்க. லைசென்ஸ் போனா நம்ம சோறு போச்சி.”

“மீசை மொளைச்சாப் போதுமா?”

“பதினெட்டு, பெரிம்மா” என்று சிரித்தான்.

அது பையன்களுக்கு. பெண்பிள்ளைகளுக்கு என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வயசு வந்தது என்றால் ஒரே அர்த்தம்தான். அதை வளர்ந்த பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்க முடியுமா? கவர்மெண்ட்டே காகிதத்தில் எழுதிவிட்டதே, அதைப் போர்டிலும் போட்டுவிட்டானே என்றுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. போர்டுக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

டிஸ்க் அட்டையெல்லாம் இங்கிலீஷ். எது சண்டை, எது கார் என்று படம் பார்த்தும் சில நேரம் புரியவில்லை. காரில் போகிறவனும் துப்பாக்கி வைத்திருக்கிறான். தங்கை மகன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, நான் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வந்து ஒட்டினேன். சண்டைக்குச் சிவப்புப் பொட்டு. கார், கிரிக்கெட், ஃபுட்பாலுக்குப் பச்சைப் பொட்டு. பொட்டு வைத்த டிஸ்க்குகள் வரிசையாக நின்றபோது ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை.

வயதுக்கு நான் வைத்திருந்த கணக்கு இதுதான். சுனாமிக்கு முன்னே பிறந்தவன் பெரியவன், கொடுக்கலாம். ‘தானே’ புயலுக்குப் பின்னே பிறந்தவன் பொடியன், கிடையாது. நடுவில் பிறந்தவர்கள்தான் தொல்லை. அவர்களைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. முதல் பத்து நாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அப்புறம் வாய் தானாகத் திறந்தது.

“எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சி ஆயா” என்று ஒருவன் வந்து நின்றான்.

“சுனாமி அன்னிக்கு நீ எங்க இருந்த?”

அவன் யோசித்தான். “அம்மா இடுப்புல இருந்தேன்.”

“உங்கம்மாவுக்குக் கல்யாணமே சுனாமிக்கு மறு வருஷம் வைகாசியிலதான்டா நடந்துச்சி. பந்தியில நான்தான் அப்பளம் வச்சேன்.”

அவனோடு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்துட்டான்டா இவன்!” என்று ஒரு வாரம் அவனை ஓட்டினார்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.

பெரியவர்களும் கேலி பேசினார்கள். எங்கள் ஊர் எல்லையில் இருப்பதால் கூப்பிடு தூரத்தில் சாராயக்கடை இருக்கிறது. அங்கிருந்து வருகிற ஒருவர் எங்கள் கடை வாசலில் நின்று, “இன்னா ஆயா, அங்க யாரும் கேக்காத வயசை நீ இங்க குந்திக்கினு கேக்குற?” என்பார். நான் பதில் சொல்லமாட்டேன். ஒரு நாள் மட்டும், “அங்க எனக்கு ஸ்டூல் போடலியே” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே வியர்த்தது. அவரும் போய்விட்டார். அந்த ஸ்டூல் எனக்குப் பழகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அப்பாவுக்கு நிறைய கரும்பு நிலம் உண்டு. அவள் தன் தம்பியோடு கடைக்கு வந்து கிரிக்கெட் கேம் ஆடுவாள், இல்லாவிட்டால் அறுத்த கழனியில் பையன்களோடு நிஜ கிரிக்கெட் ஆடுவாள். நன்றாகப் பந்து போடுவாள் என்று சொல்வார்கள். அவளுக்குச் சடங்கு வைத்தார்கள். எனக்கும் பத்திரிகை வந்தது, போய்ச் சாப்பிட்டேன். கடைக்கு நேர் எதிரே, பஸ் நிற்கும் இடத்தில், மஞ்சள் நீராட்டு விழா என்று பெரிய பேனர் கட்டினார்கள். அதில் அவள் தலைநிறைய பூவோடு, ஒட்டியாணம் போட்டுக்கொண்டு, கோபமாக நின்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தால் எனக்கு முன்னால் அந்த முகம்தான். அதற்குப் பிறகு கழனியில் அவளை நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஆட்டோவில்தான் அனுப்பினார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம். அவளுடைய ஆட்டோ பஸ் நிறுத்தத்தில் நின்றது. கையில் நோட்டோடு இறங்கி வந்தாள்.

“ஆயா, அண்ணன் இல்லையா?”

“பாண்டிக்குப் போயிருக்கான். ஜெராக்ஸ்னா எனக்கு மிஷின் தெரியாதுடி.”

“ஜெராக்ஸ் இல்ல. ஆட்டோக்காரர்கிட்டதான் ஜெராக்ஸ்னு சொல்ட்டு வந்தேன்.” நோட்டுக்குள்ளிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து வைத்தாள். பச்சைப் பொட்டு, அவள் தம்பியுடைய கிரிக்கெட். “இத வச்சிக்கினு அதக் குடு.”

அவள் காட்டியது அலமாரியின் மேல்தட்டை.

“அது செவப்புப் பொட்டு.”

“தெரியும். வயசு வந்தவங்களுக்கு மட்டும்னு போட்டுக்கீது. எனக்குத்தான் வந்துடுச்சே.”

ஸ்டூலில் இருந்தபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தேன்.

“இன்னா ஆயா பாக்குற? நீதான வந்து மூணு கரண்டி கேசரி வாங்கித் தின்ன?”

“ரெண்டு கரண்டிடி.”

“சரி, ரெண்டு. அதோ பேனரு. ஊருக்கே தெரிஞ்சிது, உனுக்குத் தெரியலையா?”

“துப்பாக்கி வச்சிச் சுடுறதெல்லாம் உனுக்கு எதுக்குடி?”

“கிரிக்கெட் ஆட வெளிய வுட மாட்டன்றாங்க. வூட்டுக்குள்ள கிரிக்கெட்ட டிவியில பாத்துக்கினு குந்தியிருந்தா அழுகையா வருது. தெனிக்கும் பெரிய பொண்ணாயிட்ட, பெரிய பொண்ணாயிட்டன்னு சொல்றாங்கல்ல? அப்ப பெரியவங்க ஆடுறத ஆடறேன்.”

அவள் தெரிந்துகொண்டே பேசினாளா, தெரியாமல் பேசினாளா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் தெரியாமல்தான் கொடுத்தேன். போர்டில் உள்ளது ஒன்று, பேனரில் உள்ளது ஒன்று, இரண்டும் பொருந்தியது. சடங்கில் சாப்பிட்டவள் நான். அந்தப் பெண்ணுக்கு வயசு வரவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? எழுந்து சிவப்புப் பொட்டு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, கிரிக்கெட் டிஸ்க்கைப் பச்சை வரிசையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் அம்மா அந்த டிஸ்க்கோடு கடைக்கு வந்தாள். தங்கை மகன் கல்லாவில் இருந்தான். நான் தடுப்புக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

“எம்பொண்ணுக்கு இத யாரு குடுத்தது? வூட்டுக்குள்ள குந்திக்கினு வரிசையா ஆளுங்கள சுட்டுத் தள்ளுது. எங்க நாத்தனாரு வந்து பாத்துட்டு, ‘இன்னா அண்ணி, மஞ்சத்தண்ணி ஊத்துன கையோட துப்பாக்கியும் குடுத்துட்டீங்களா’ன்னு கேக்குறாங்க. அவங்க மாமியார் வூடு வரைக்கும் போயிடுச்சி பேச்சி. அவுரு கொம்யூனுக்குப் போய்ட்டாரு, எழுதிக் குடுக்க.”

“நான் குடுக்கலக்கா” என்றான் தங்கை மகன். அப்புறம் மெதுவாகத் திரும்பி, “பெரிம்மா?” என்றான்.

“குடுத்தேன்.”

“அதுக்குப் பதிமூணு வயசு, பெரிம்மா!”

பதிமூன்று என்று எனக்குத் தெரியாதா? ஏன் கொடுத்தேன் என்பதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி அவன் கடையை மூடிவிட்டு வந்தான். சாப்பிடும்போது, “புதுப்பிக்க இன்னும் பத்து நாள்தான் இருந்துச்சி” என்று மட்டும் சோற்றைப் பார்த்துச் சொன்னான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஆபீசர் வந்தார். பழைய ஆபீசர்தான். அந்தப் பெண்ணின் அம்மாவையும் வரவழைத்திருந்தார். கொஞ்சம் கனமான ஒரு ஃபைலைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

“யாரு குடுத்தது?”

“நான்தாங்க” என்றேன். எனக்கு ஆண்களைப் பார்த்துப் பேச வராது. ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“போர்டைப் படிக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியுங்க.”

“படிங்க.”

“வயது வந்தவர்களுக்கு மட்டும்.”

“அப்புறம் ஏம்மா குடுத்தீங்க? லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி எழுதிக்கவா?”

தங்கை மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் செருப்பைத்தான் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் கடை போய்விடும் என்று தெரிந்தது. மிஷினிடமே சொன்னேன்.

“அந்தப் பொண்ணுக்கு வயசு வந்துடுச்சிங்க. மூணு வாரம் ஆவுது.”

ஆபீசர் திரும்பி எதிரே பார்த்தார். பேனரைக் கழற்றாமல்தான் வைத்திருந்தார்கள், ஒரு மூலை மட்டும் கயிறு அறுந்து தொங்கியது. அப்புறம் ஃபைலைப் பிரித்து, தான் எழுதிய நிபந்தனையை விரலை வைத்து ஒரு தடவை படித்தார். “சட்டத்துல இருக்கிற வார்த்தையத்தான் நான் எழுதினேன்” என்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, சிரிக்கிறாள். “சார், அவங்கள மட்டும் சொல்லி இன்னா பண்றது? ஊருக்கெல்லாம் பேனர் கட்டிச் சொன்னது எங்க வூட்டுக்காரரு” என்றாள். உடனே கோபம் திரும்பி வந்துவிட்டது. “அதுக்காகத் துப்பாக்கியக் குடுக்கறதா, பெரிம்மா? பதிமூணு வயசுப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்?”

“பெரிய பொண்ணாயிட்டேன்னு சொல்லுச்சி” என்றேன்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னார் ஆபீசர். ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் எழுதியதே இல்லை. பன்னிரண்டு வரி வந்தது. அதற்குள் அவர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டார். வாங்கிப் படித்துவிட்டு, “இத நான் மேல எப்படி அனுப்புவேன்?” என்று தங்கை மகனிடம் கேட்டார். என்னிடம், “புரியற மாதிரிதாம்மா எழுதியிருக்கீங்க” என்றார். இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

லைசென்ஸ் புதுப்பித்து வந்தது. நாள் கடந்து வந்தது, ஆனால் வந்தது. கூடவே நிபந்தனைக் காகிதம். பதினெட்டு வயது நிறைவடையாத ஆண், பெண் இருபாலருக்கும் விற்பனை செய்யலாகாது என்று இந்தத் தடவை எண்ணோடு எழுதியிருந்தார்கள். தங்கை மகன் அதைச் சத்தமாகப் படித்தான். கீழே இன்னொரு வரி இருந்தது. அதை அவன் சத்தமாகப் படிக்கவில்லை. காகிதத்தைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு ரிப்பேருக்கு வந்த ஒரு போனைக் கையில் எடுத்துக்கொண்டான். நானே எடுத்துப் படித்தேன். விற்பனை இடத்தில் பத்தாம் வகுப்புக்குக் குறையாமல் படித்த நபரே இருத்தல் வேண்டும்.

ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டேன். யாரும் எழச் சொல்லவில்லை. “பெரிம்மா, சும்மா வந்து குந்து, யாரு வந்து பாக்கப் போறாங்க” என்று அவன் மறுநாள் கூப்பிட்டான். பார்ப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும். லைசென்ஸ் வாங்கப் பட்ட பாடு அவனுக்கு மறந்திருக்காது. நான் போகவில்லை.

இப்போது பக்கத்துத் தெரு மருமகள் ஒருத்தி உட்காருகிறாள், பன்னிரண்டாவது படித்தவள். நல்ல பெண். நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், இந்த ஊரில் யார் எப்போது பிறந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆதார் காட்டச் சொல்கிறாள். அண்ணனுடைய ஆதாரைப் போனில் வைத்துக்கொண்டு வந்து காட்டி வாங்கிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். என்னை யாரும் கேட்கவில்லை. சிவப்புப் பொட்டு டிஸ்க்கெல்லாம் பீரோவில் இருக்கிறது, பொட்டு மட்டும் உதிராமல் இருக்கிறதாம்.

பேனரைக் கழற்றி அந்தப் பெண்ணின் வீட்டு மாட்டுக் கொட்டகை மேல் போட்டிருக்கிறார்கள். மழை ஒழுகவில்லை என்கிறார்கள். அந்த வழியாகப் போனால் ஒட்டியாணம் மட்டும் தெரியும், முகம் மறுபக்கம் மடிந்துவிட்டது.

போன வாரம் அவள் ஆட்டோ எங்கள் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே இருந்தபடியே தலையை நீட்டினாள்.

“ஆயா, உன்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களாமே? என்னாலயா?”

“படிப்பு பத்தலன்னு சொல்ட்டாங்க.”

“எனக்கும்தான் ஒன்னும் கெடைக்கல. கிரிக்கெட் சிடியும் போச்சி, அதும் போச்சி.” ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தாள். “ஆயா, எனக்கு நெசமாவே எப்ப வயசு வரும்?”

“தானே புயல்லேர்ந்து பதினெட்டு பொங்கல் எண்ணு.”

“நான் புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அது எனக்குச் சட்டென்று வரவில்லை. புயலில் அவள் அப்பாவின் கரும்பெல்லாம் சாய்ந்து கிடந்தது ஞாபகம் இருக்கிறது. அவள் அம்மா வரப்பில் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. கையில் பிள்ளை இருந்ததா, வயிற்றில் இருந்ததா என்பதுதான் தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ கிளம்பிவிட்டது. ஊரில் எல்லாருடைய கணக்கையும் வைத்திருந்தவளுக்கு அவளுடையது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அவளுக்கு ஒரு பொங்கல் கூடக்குறைய ஆகிவிடக் கூடாது. தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவள் வீட்டில் கேட்டு, புயலுக்கு முன்னேயா பின்னேயா என்று சரிபார்த்து இங்கே எழுதிவிட வேண்டும். ஆபீசர் எழுதிய வார்த்தைகளையும் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். கேசரி இரண்டு கரண்டிதான், அதை மட்டும் மாற்ற வேண்டாம்.